28 வாரக் குழந்தை என்.ஐ.சி.யூ.வில்: தினமும் எதைக் குறித்து வைப்பது?

மழைத்துளி கேட்டது:

கர்ப்பத்தின் 28 வாரத்தில் 1,050 கிராமோடு பிறந்த பாப்பா, என்.ஐ.சி.யூ. எனும் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறாள். இன்று 12-ஆம் நாள். மூக்கு வழியாக அழுத்தத்தோடு காற்று தரும் சிபேப்பில் இருக்கிறாள், அழுத்தம் 6, ஆக்சிஜன் 25 சதவீதம். மூக்கு டியூப் வழியாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை 9 மில்லி தாய்ப்பால், மீதி டிபிஎன், அதாவது ரத்தக்குழாய் வழி ஊட்டம். மூச்சைத் தூண்டும் கஃபீன் மருந்து போகிறது. பிறந்த எடையை நேற்றுதான் மறுபடி தொட்டாள்.

டாக்டர் ரவுண்ட்ஸில் சொல்வது வெளியே வந்ததும் பாதி மறந்துவிடுகிறது. அதனால் ஒரு நோட்டுப் போட நினைக்கிறோம். எந்த எண்களை எழுதினால் உண்மையான முன்னேற்றம் தெரியும்? எடை ஒரு நாள் 35 கிராம் ஏறுகிறது, மறுநாள் 10 இறங்குகிறது, எதை நம்புவது? சாச்சுரேஷன் (ரத்த ஆக்சிஜன் சதவீதம்) 84-க்கு இறங்கி அலாரம் அடித்துத் தானே ஏறுகிறது; எப்போது சிஸ்டரைக் கூப்பிட வேண்டும்? பால் ஒரு நாளைக்கு 280 மில்லிதான் கறக்க முடிகிறது, போதுமா? வீட்டுக்கு எப்போது என்பதை எதை வைத்துக் கணிக்கலாம்?

---

இரவுப்பணி செவிலி பதில்:

முதலில் வாரக் கணக்கு. பிறந்து எத்தனை நாள் என்பதோடு கர்ப்ப வாரத்தையும் சேர்த்து எண்ணுங்கள். சரியாக 28 வாரத்தில் பிறந்திருந்தால் இன்று 29 வாரம் 5 நாள். மூச்சின் ஒழுங்கு, உறிஞ்சும் திறன், விழித்திரை ரத்தக்குழாய்கள் எல்லாமே இந்தக் கடிகாரப்படிதான் முதிரும். நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் மேலே இதை எழுதிவிடுங்கள்.

அடுத்து, என்ன உதவியோடு இருக்கிறாள் என்பது. மானிட்டரில் 94 என்று இருப்பது பாதிச் செய்திதான். அந்த 94-க்கு எவ்வளவு அழுத்தமும் எத்தனை சதவீத ஆக்சிஜனும் தேவைப்பட்டன என்று சேர்த்து எழுதினால்தான் பொருள் வரும். 21 சதவீதம் என்றால் நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்று. 25-இலிருந்து 21-க்கு வந்து, அழுத்தம் 6-இலிருந்து 5 ஆகி, அப்புறமும் நிலையாக இருந்தால் நுரையீரல் தேறுகிறது. சாச்சுரேஷன் அதே 94, ஆனால் ஆக்சிஜன் 25-இலிருந்து 35-க்குப் போய்விட்டது என்றால் ஏன் என்று கேட்க வேண்டிய நாள் அது.

ஆக்சிஜன் கொடுக்கும்போது சாச்சுரேஷனை 90 முதல் 95-க்குள் வைக்கப் பார்ப்பார்கள். 99, 100 காட்டினால் பெற்றோருக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் கூடுதல் ஆக்சிஜனோடு அந்த எண் தொடர்ந்தால் முதிராத விழித்திரைக்குக் கேடு. 21 சதவீதத்தில் இருக்கும்போது 100 காட்டினால் அதில் தவறே இல்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் நிறையப் பேர் குழம்புகிறார்கள்.

அலாரத்துக்கு வருவோம். திரையைப் பார்ப்பதற்கு முன் பாப்பாவைப் பாருங்கள். உதடும் முகமும் ரோஜா நிறமா? மார்பு ஏறி இறங்குகிறதா? பிறகு திரையில் சாச்சுரேஷன் அலையைப் பாருங்கள். கை கால் அசைந்தாலோ, பாதத்தில் கட்டிய சென்சார் நழுவினாலோ அலை கோணல்மாணலாக ஓடும். அப்போது காட்டும் 84-ஐ நம்ப வேண்டாம். அலை ஒழுங்காக இருந்து 84-க்கு இறங்கி, 10, 15 விநாடியில் தானே ஏறினால் குறித்துக்கொள்ளுங்கள், போதும். மார்பு அசையவில்லை, இதயத் துடிப்பு 100-க்குக் கீழே போகிறது, நிறம் சாம்பலாகவோ நீலமாகவோ மாறுகிறது, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே கூப்பிடுங்கள். கூச்சப்பட வேண்டாம். அலாரத்தை நீங்களாக அணைக்கக் கூடாது. ஆக்சிஜன் குமிழையும் தொடக் கூடாது.

மூச்சு 20 விநாடிக்கு மேல் நின்றால் அதை அப்னியா என்பார்கள். அதைவிடக் குறைவாக நின்றாலும் துடிப்போ சாச்சுரேஷனோ விழுந்தால் அதுவும் கணக்கில் வரும். ஒவ்வொன்றுக்கும் நேரம், துடிப்பும் சாச்சுரேஷனும் எதுவரை இறங்கின, தானே மீண்டாளா, முதுகையோ பாதத்தையோ தேய்க்க வேண்டியிருந்ததா, மாஸ்க் வைத்துக் காற்று கொடுத்தார்களா, பால் ஏறும்போதா தூக்கத்திலா என்று எழுதுங்கள். நாளைக்கு 4 முறை என்பது 28 வாரக் குழந்தைக்குச் சாதாரணம். 3 நாளாக 4 முறை வந்தது திடீரென 12 முறை ஆகிறது, தேய்த்தால்தான் மீள்கிறாள் என்றால் விஷயம் வேறு. கிருமித்தொற்று, ரத்தசோகை, குடல் பிரச்சினை எல்லாம் பெரும்பாலும் இப்படித்தான் முதலில் தலைகாட்டும். ரத்தப் பரிசோதனை எடுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் முடிவு வரும்வரை 36 முதல் 48 மணி நேரம் ஆன்டிபயாடிக் போடுவார்கள். முடிவு சுத்தமாக வந்தால் நிறுத்திவிடுவார்கள். எனவே "ஆன்டிபயாடிக் ஆரம்பித்துவிட்டார்களே" என்று அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம்.

வயிறு ஒரு தனி வரி. சிபேப் காற்று இரைப்பைக்குள் போய் வயிறு உப்பிக்கொள்வது வழக்கம். தொட்டால் மெத்தென்றிருக்கும், டியூபைத் திறந்து காற்றை வெளியேற்றினால் தணியும். வயிறு இறுகிப் பளபளப்பது, பச்சையாக வாந்தி, மலத்தில் ரத்தம், இவை அப்படியல்ல. டயப்பர் மாற்றும்போது கண்டால் அடுத்த ரவுண்ட்ஸ் வரை காத்திருக்காதீர்கள். டயப்பரையும் எறியாமல் காட்டுங்கள்.

ரவுண்ட்ஸில் ஒரே ஒரு கேள்விதான் கேட்க நேரமிருக்கும் என்றால் இதைக் கேளுங்கள்: "நேற்றைவிட இன்றைக்கு எந்த உதவி குறைந்தது, எது கூடியது, ஏன்?"

---

வாரக்கணக்கு பதில்:

எடை பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதல் வாரத்தில் பிறந்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை குறையலாம். 10 முதல் 14 நாளில் திரும்பப் பிடிப்பது வழக்கம். உங்கள் பாப்பா அந்தக் கணக்கில்தான் போகிறாள். இனிமேல் எதிர்பார்ப்பது ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 கிராம். 1,100 கிராம் ஆனதும் நாளுக்குச் சுமார் 16 முதல் 22.

தினசரி ஏற்ற இறக்கம் பெரும்பாலும் வளர்ச்சியே அல்ல. சிபேப் தொப்பி, டியூப், சென்சார் வயர், கையில் கட்டிய பலகை எல்லாம் சேர்ந்து 20, 30 கிராம் காட்டிவிடும். பால் ஏறிய உடன் நிறுத்தால் ஒரு எண், மலம் போன பிறகு ஒரு எண். ஒரே தராசு, ஒரே நேரம், பாலுக்கு முன் என்று வைத்தாலும் ஒற்றை நாள் எண் ஆடத்தான் செய்யும். ஒரே நாளில் 60 கிராம் ஏறி, கண் இமையும் பாதமும் ஊதியிருந்தால் அது உடலில் தேங்கிய நீர். ஏழு நாள் வித்தியாசத்தை ஏழால் வகுத்து, நடுவில் உள்ள எடையால் (கிலோவில்) வகுங்கள். அந்த எண்ணை நம்பலாம். உதாரணம்: 1,050-இலிருந்து 1,176. வித்தியாசம் 126, நாளுக்கு 18 கிராம், கிலோவுக்கு 16 சொச்சம். நல்ல வளர்ச்சி.

தலைச் சுற்றளவும் நீளமும் வாரம் ஒருமுறை எடுப்பார்கள். நீளம் வாரத்துக்குச் சுமார் 1 செ.மீ., தலை 0.5 முதல் 1 செ.மீ. எடை ஏறியும் இவை இரண்டும் நின்றுபோனால் புரதம் போதவில்லையோ என்று கேட்க வேண்டும். எடையை மட்டும் பார்க்கும் பெற்றோர் தவறவிடும் இடம் இது. தலை மட்டும் வேகமாகப் பெருத்தாலும் கேளுங்கள், மூளை ஸ்கேன் மறுபடி எடுப்பார்கள். முதல் வாரத்தில் எடுத்த ஸ்கேனில் என்ன தெரிந்தது என்பதை வார்த்தை மாறாமல் எழுதி வையுங்கள். ரத்தக்கசிவு வந்தால் பெரும்பாலும் முதல் 3 நாளுக்குள் வந்துவிடும். அதன் பிறகு சுமார் 4 வாரத்திலும், 40 வாரம் நெருங்கும்போதும் எடுக்கும் ஸ்கேன்கள் மூளையின் வெள்ளைப் பகுதியைப் பார்ப்பதற்கு.

குறைமாதக் குழந்தைகளுக்கான ஃபென்டன் வளர்ச்சி வரைபடத்தில் பாப்பாவின் புள்ளியை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். முதல் இரண்டு வாரத்தில் பாப்பாவின் கோடு கொஞ்சம் கீழே இறங்கும். பிறகு வரைபடக் கோட்டுக்கு இணையாக ஓடினால் போதும்.

---

பால்துளி ஆலோசகர் பதில்:

மழைத்துளி, 12-ஆம் நாளில் 280 மில்லி என்றால் இன்றைய தேவைக்கு இரண்டு மடங்குக்கும் மேலே இருக்குங்க. 9 மில்லி, 12 வேளை, மொத்தம் 108. ஆனா இலக்கு இன்றைய தேவை இல்லை. 14-ஆம் நாளுக்குள் 500 மில்லிக்கு மேல் பிடிச்சுட்டா, பாப்பா 2 கிலோ ஆகும்போதும் பால் தட்டாது. முதல் இரண்டு வாரம்தான் மார்பு எவ்வளவு சுரக்கணும்னு முடிவு செய்யற காலம்.

ஒரு நாளைக்கு எத்தனை முறை கறக்கறீங்க? 8 முதல் 10 முறை வேணும். இரவில் ஒருமுறையாவது எழுந்தே ஆகணும், அப்பதான் பால் சுரக்க வைக்கற புரோலாக்டின் ஹார்மோன் உச்சத்தில் இருக்கும். எந்த இடைவெளியும் 5 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கறக்கற பம்ப், 15 முதல் 20 நிமிடம், சொட்டு நின்ன பிறகும் 2 நிமிடம். கடைசியில் கையால பிழிஞ்சு எடுங்க, அந்தக் கடைசிப் பாலில்தான் கொழுப்பு அதிகம். காம்பு புனலின் பக்கத்தில் உரசினாலோ, வலிச்சு வெளுத்தாலோ புனல் அளவு தப்பு. இதை மாத்தினதுமே அளவு கூடறது உண்டு.

கறந்த பாலை ஃப்ரிட்ஜில் வெச்சா கொழுப்பு மேலே ஏறி சிரிஞ்ச் சுவரில் ஒட்டிக்கும். குலுக்காம மெதுவா சுழற்றிக் கலக்கணும். சிரிஞ்ச் பம்ப் வழியா பாப்பாவுக்கு மெதுவா ஏத்தும்போது சிரிஞ்ச் நுனி மேல்நோக்கி இருந்தா கொழுப்பு முதலில் போயிடும். படுக்க வெச்சா கடைசியில் சிரிஞ்சிலேயே தங்கிடும். எடை ஏறலைன்னா இதையும் ஒருமுறை கவனிக்கச் சொல்லுங்க. பாட்டிலில் தேதி, நேரம் இல்லாம கொண்டு போகாதீங்க. ஃப்ரிட்ஜ் பாலை எத்தனை மணி நேரம் வெச்சுக்கலாம்னு அந்த வார்டுக்கு ஒரு விதி இருக்கும், அதையே பின்பற்றுங்க.

இன்னொன்று. பாப்பா இப்போ கிலோவுக்கு 100 மில்லி கிட்ட குடிக்கிறா. பல இடங்களில் 80 முதல் 100-லேயே ஃபார்ட்டிஃபையர், அதாவது தாய்ப்பாலில் கலக்கற சத்துப் பொடி, சேர்க்க ஆரம்பிப்பாங்க. தாய்ப்பால் 100 மில்லியில் சுமார் 67 கலோரி. பொடி சேர்த்தா 80-க்கு வரும், புரதமும் கால்சியமும் பாஸ்பரஸும் கூடும். "என் பால் போதாதா"ன்னு மனசு சுருங்க வேண்டாம். வயித்துக்குள்ள இருந்திருந்தா கடைசி மூணு மாசத்தில் தொப்புள்கொடி கொடுத்திருக்க வேண்டிய தாது அது.

முழுப் பால்னா கிலோவுக்கு சுமார் 150 மில்லி. 1,100 கிராமுக்கு 165, அதாவது வேளைக்கு 14 மில்லி கிட்ட. ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 20 முதல் 30 மில்லி கூட்டினா இன்னும் 2, 3 நாள்தான். டிபிஎன் லைனும் எடுத்துடலாம். அந்த லைன் போற நாள் பெரிய நாள், ஏன்னா தொற்று நுழையற வாசல் ஒன்று மூடுது.

கங்காரு பராமரிப்பு, அதான் பாப்பாவை வெறும் மார்போடு அணைச்சு வெக்கறது, ஆரம்பிச்சாச்சா? சிபேப்பில் இருந்தாலும் நிலையா இருந்தா செய்யலாம். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்னது ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம். அவ்வளவு முடியலைன்னாலும் ஒருமுறை எடுத்தா ஒரு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. எடுத்து வைக்கறதே பாப்பாவுக்கு அலுப்பு. சாய்வு நாற்காலி, டயப்பரும் தொப்பியும் மட்டும், மார்போடு மார்பு, கால் தவளை மாதிரி மடங்கி, முகம் ஒரு பக்கம் திரும்பி, கழுத்து மடங்காம மூக்கு தெரியற மாதிரி. டியூபை உங்க தோளில் டேப் போட்டு நிறுத்தணும். மாத்தும்போது சாச்சுரேஷன் கொஞ்சம் விழும், 10, 15 நிமிடத்தில் அடங்கிடும். அப்பாவும் செய்யலாம். முடிச்ச உடனே பம்ப் வெச்சுப் பாருங்க, பால் நல்லா இறங்கும்.

---

மழைத்துளி:

நன்றி. கறப்பது 6 முறைதான், இரவில் இல்லை. இன்றிலிருந்து மாற்றுகிறோம். ஃபார்ட்டிஃபையர் பற்றிக் காலையில் கேட்கிறோம். டிஸ்சார்ஜ் பற்றி மட்டும் யாராவது சொல்லுங்கள்.

---

இரவுப்பணி செவிலி:

தேதி சொல்ல முடியாது. பெரும்பாலும் பிரசவத் தேதிக்கு 2 முதல் 4 வாரம் முன்பு, சிலருக்கு அதைத் தாண்டியும். எடை ஒன்றை வைத்து அனுப்ப மாட்டார்கள். திறந்த தொட்டிலில் உடல் சூடு 36.5-க்குக் கீழே போகாமல் இருக்க வேண்டும். எல்லா வேளைப் பாலும் வாயால் குடிக்க வேண்டும். உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிடுவது மூன்றும் இணைவது 32, 34 வாரத்தில்தான் தொடங்கும், அதற்கு முன் அவசரப்படுத்தினால் மூச்சுத்திணறும். கறந்து காலியான மார்பில் சப்பிப் பழகுவதை அதற்கு முன்பே கேட்கலாம்.

அப்னியா இல்லாத 5 முதல் 7 நாள் என்பதுதான் பெற்றோரை அதிகம் சோதிக்கும். கஃபீனைச் சுமார் 34 வாரத்தில் நிறுத்துவார்கள்; ஆனால் மருந்து உடலை விட்டுப் போகவே பல நாள் பிடிக்கும். அதனால் நிறுத்திய அன்றே எண்ண ஆரம்பிக்காதீர்கள். 4-ஆம் நாளில் ஒருமுறை மூச்சு நின்றால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

கண் பரிசோதனை பிறந்து 2 முதல் 4 வாரத்தில் வரும். விழித்திரை ரத்தக்குழாய்கள் முழுதாக ஓடி முடியும்வரை 1, 2 வாரத்துக்கு ஒருமுறை தொடரும். பார்த்த அன்று அப்னியா கூடலாம், வயிறும் உப்பலாம். சொட்டு மருந்தும் அலுப்பும்தான் காரணம். வீட்டுக்குப் போன பிறகு வரும் கண் தேதியை ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள், சிகிச்சை தேவைப்பட்டால் 2, 3 நாளுக்குள் செய்தாக வேண்டிய நோய் அது. டிஸ்சார்ஜ் தாளில் அடுத்த கண் தேதி எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வார்டை விட்டுக் கிளம்புங்கள். செவிப் பரிசோதனை முடிவும் அதே தாளில் இருக்க வேண்டும். தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த தேதிதான் கணக்கு. உட்காருவது, தவழ்வது எல்லாவற்றுக்கும் 2 வயது வரை, முன்கூட்டிப் பிறந்த 12 வாரத்தை வயதிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள்.