வீனஸ் அண்ட் அடோனிஸ்: படிச்சவங்க அனுபவத்தைச் சொல்லுங்க

எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். இந்த செமஸ்டர்ல ஷேக்ஸ்பியரோட ‘வீனஸ் அண்ட் அடோனிஸ்’ வருது. கைடைப் புரட்டினா ‘காமத்துக்கும் காதலுக்கும் நடக்கும் போராட்டம்’னு நாலு வரியில முடிச்சுட்டாங்க. கவிதையோ 1194 வரி. கதைன்னு பார்த்தா காதல் தேவதை வீனஸ் கெஞ்சுறா, பையன் அடோனிஸ் மாட்டேங்கிறான், காட்டுப்பன்றி குத்திச் செத்துப்போறான். இதுக்கு எதுக்கு இத்தனை வரி? படிச்ச அண்ணன், அக்கா யாராவது எப்படிப் படிச்சீங்கன்னு சொல்லுங்களேன்.

* * *

கைடை ஓரமா வச்சுட்டு, இந்தக் கதையை முன்னாடியே எழுதின ரோமானியக் கவிஞர் ஓவிட்டை எடுங்க. எனக்கு அங்கதான் கவிதை பிடிபட ஆரம்பிச்சது. அவரோட ‘மெட்டமார்ஃபசிஸ்’ காவியத்துல பத்தாவது புத்தகம். நடுவுல வீனஸ் சொல்ற அட்டலாண்டா கதையைக் கழிச்சா, அடோனிஸ் கதை எழுபது சொச்சம் வரிதான். அதுல அடோனிஸ் மறுக்கவே மாட்டான். மர நிழல்ல வீனஸ் அவன்மேல தலை சாய்ச்சுக்கிட்டுக் கதை சொல்லுவா, அவன் கேட்டுக்கிட்டிருப்பான். அவ போனதும், சொன்ன எச்சரிக்கையை மீறி வேட்டைக்குப் போய்ச் சாவான்.

பையனை மறுக்க வச்சது ஷேக்ஸ்பியர். அதே ஓவிட்லயே மூணாவது புத்தகத்துல நார்சிசஸ், நாலாவது புத்தகத்துல ஹெர்மாஃப்ரொடிட்டஸ்னு மறுக்கிற பையன்கள் இருக்காங்க. அவங்க பிடிவாதத்தை எடுத்து அடோனிஸுக்குக் கொடுத்திருக்கார்னு சொல்றது வழக்கம். மறுப்புன்னு ஒண்ணு உள்ளே வந்துட்டா வாதம் வந்துடும், கெஞ்சல் வந்துடும், கோபம் வந்துடும். உங்க 1194 வரி அப்படித்தான் வந்தது.

இன்னொண்ணு, இது சிரிக்க வேண்டிய கவிதை. இதை யாரும் சொல்லித் தர்றதில்ல. ஆரம்பத்துலயே வீனஸ் அவனைக் குதிரையிலேருந்து இழுத்து இறக்கி, ஒரு கையில கடிவாளம், இன்னொரு கக்கத்துல பையன்னு தூக்கிக்கிட்டு நடக்கிறா! காதல் தெய்வம் பக்கம் பக்கமா வர்ணிச்சு வர்ணிச்சுக் கெஞ்சினதுக்கு அவன் சொல்ற பதில்: போதும் காதல், வெயில் முகத்தைச் சுடுது, நான் கிளம்பணும்.

வாய்விட்டுப் படிங்க. ஆறு வரிக்கு ஒரு ஸ்டான்ஸா. முதல் நாலு வரி மாத்தி மாத்தி எதுகை, கடைசி ரெண்டும் ஜோடி. வெயில் சுடுதுங்கிற பதில் ஒரு ஸ்டான்ஸாவோட கடைசி வரியா விழுது. கண்ணால மட்டும் ஓட்டினா அந்த அடி விழறது தெரியவே தெரியாது.

* * *

எனக்குப் பிடிச்சது மிருகங்கள். அடோனிஸோட குதிரை ஒரு பெண் குதிரையைப் பார்த்ததும் கடிவாளத்தை அறுத்துக்கிட்டு ஓடும். உருண்ட குளம்பு, அகன்ற மார்பு, சின்னத் தலை, விரிஞ்ச மூக்குன்னு சந்தையில மாடு பிடிக்கிறவர் கணக்கா ஒவ்வொரு அங்கமா எழுதியிருப்பார். உடனே வீனஸ், பார், உன் குதிரைகிட்டயாவது கத்துக்கோன்னு ஆரம்பிச்சுடுவா.

அந்த முயல் பகுதியை யாரும் தாண்டிப் போயிடாதீங்க. பன்றி வேண்டாம், முயலை வேட்டையாடுன்னு சொல்ல வந்தவ, துரத்தப்படுற முயலோட பயத்துக்குள்ளேயே போயிடுவா. தூரத்துல ஒரு குன்றுமேல பின்னங்காலை ஊன்றி நின்னு, நாய்ங்க இன்னும் வருதான்னு காது கொடுக்கும் முயல். பனியில நனைஞ்சு, வளைஞ்சு வளைஞ்சு ஓடும். வேட்டையாடுன்னு சொல்லிக்கிட்டே, கேக்கிறவனுக்கு வேட்டை மேலயே வெறுப்பு வர மாதிரி பேசுறா. கடைசியில அவளுக்கே தொடுப்பு விட்டுப்போய், எங்கே விட்டேன்னு கேப்பா. எங்கே விட்டா என்ன, என்னை விடு, கதை சரியா முடிஞ்சுடும்னு சொல்லுவான் அடோனிஸ். பஸ்ல படிச்சுட்டு சத்தமா சிரிச்சுட்டேன்.

ஒரு சந்தேகம். பெரியவங்க சொல்லுங்க, இது நம்ம கைக்கிளை, அதாவது ஒருதலைக் காதல்தானே?

* * *

கல்லூரியில் இதைப் பாடம் நடத்தியவன் என்பதால் எழுதுகிறேன். கைக்கிளை என்பது பொருத்தம்தான், ஆனால் தலைகீழ். தொல்காப்பியம் ‘காமம் சாலா இளமையோள்’ என்று பருவம் வராத பெண்ணைச் சொல்கிறது. இங்கே பருவம் வராதவன் ஆண். கனிந்த பழம் தானே விழும், காயைப் பறித்தால் புளிக்கும் என்று அடோனிஸே வாதாடுகிறான்.

தம்பி, காலத்தையும் சேர்த்துப் படியுங்கள். கொள்ளைநோயால் லண்டன் நாடக அரங்குகள் மூடிக் கிடந்த சமயம். 1593-இல் இந்தக் கவிதை சவுத்தாம்ப்டன் பிரபுவுக்குச் சமர்ப்பணமாக வெளிவந்தது. அச்சிட்ட ரிச்சர்ட் ஃபீல்டும் ஷேக்ஸ்பியரின் ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டுக்காரர். ஷேக்ஸ்பியர் பெயரோடு முதலில் அச்சேறிய நூல் இதுதான். 1640-க்குள் 15-க்கும் மேற்பட்ட பதிப்புகள் கண்டது. முதல் பதிப்பில் இன்று எஞ்சியிருப்பது ஒரே பிரதி, ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில். மற்றவை கை மாறி மாறியே கிழிந்து போயிருக்கும் என்பது என் ஊகம். இளவட்டங்கள் இதை விரும்பிப் படிக்கிறார்கள் என்று எழுத்தாளர் கேப்ரியல் ஹார்வி அக்காலத்திலேயே குறித்து வைத்திருக்கிறார்.

சிரிப்பு என்று மேலே ஒருவர் சொன்னது சரி, ஆனால் பாதி தூரம் வரைதான். பிணத்தைப் பார்த்ததும் வீனஸின் கண்கள், கொம்பில் அடிபட்ட நத்தை ஓட்டுக்குள் சுருங்குவதுபோல உள்ளே போய்விடுகின்றன. பிறகு அவள் சொல்வதுதான் எனக்கு இந்தக் கவிதையின் மையம். பன்றி கொல்ல வரவில்லை, முத்தமிட வந்து தந்தத்தை இறக்கிவிட்டது. எனக்கும் அப்படிப் பல் இருந்திருந்தால் நானே முதலில் முத்தமிட்டுக் கொன்றிருப்பேன் என்கிறாள். அதுவரை நடந்த கெஞ்சல், பிடித்திழுத்தல், முத்தம் எல்லாவற்றையும் இந்த இடத்திலிருந்து திரும்பிப் பாருங்கள். கைடு சொல்லும் காமம், காதல் பிரிவினை இங்கே நிற்காது. வீனஸும் பன்றியும் ஒரே பக்கம் போய்விடுகிறார்கள்.

ஓவிட்டில் அவன் ரத்தத்தின்மேல் வீனஸ் அமுதம் தெளிக்கிறாள், பூ மலர்கிறது. ஷேக்ஸ்பியரில் பூ தானாக முளைக்கிறது, அவள் அதையும் கிள்ளி மார்பில் செருகிக்கொண்டு சைப்ரஸ் தீவிலுள்ள பேஃபோஸுக்குப் பறந்துவிடுகிறாள். முடிவைப் பற்றிக் கேள்வி வந்தால் இந்த வேறுபாட்டில் தொடங்குங்கள். ஓவிட்டுக்கு 1567-இல் வந்த ஆர்தர் கோல்டிங்கின் ஆங்கில மொழிபெயர்ப்பு போதும், லத்தீன் மூலத்தோடு ஷேக்ஸ்பியர் அதையும் கையாண்டார். எழுத்துக்கூட்டல் பழையது, முதல் சில பக்கம் படுத்தும்.