ஈரப்பலாவுக்குக் கீழே ஆறுமணிக்குருவி

பின்வளவு (வெள்ளவத்தை):

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று ஊரில் அப்பம்மா சொல்லுவா. கொழும்பில் மாசிக்கு விடிய ஐந்தரைக்கு ஃபேனை ஒரு நம்பர் குறைக்கலாம், அவ்வளவுதான், எட்டு மணிக்கு வியர்வை வந்துவிடும். ஆனால் எங்கள் பின்வளவுக்கும் குளிர்காலம் வருகிறது என்று இந்த வருடம்தான் கண்டேன், அதுவும் ஒரு குருவி வந்து சொல்லித்தான்.

வளவு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில், மூன்று பக்கமும் ஏழடி மதில், மதில் மேல் அந்தக் காலத்தில் பதித்த போத்தல் துண்டுகள், அதற்கும் மேலே சுற்றிவர அடுக்குமாடி. வானம் ஒரு தட்டளவு தெரியும். உள்ளே ஒரு ஈரப்பலா, ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரம் (பெயரில்தான் கொழும்பு, காய்ப்பதெல்லாம் யாழ்ப்பாணத்தில், இங்கே பூத்துத் தள்ளிவிட்டுக் கொட்டிவிடும்), நாலைந்து செவ்வரத்தை, யாரும் நடாமலே மதிலில் ஏறிய கோவைக்கொடி.

மாமி விடிய எழும்பி ஈர்க்குமாற்றால் கூட்டி நிலத்தில் கோடு விழுந்தால்தான் அவவுக்குத் தேத்தண்ணீர் இறங்கும். கார்த்திகையில் முழங்கால் பிடித்துக்கொண்டது. நான் கூட்டுகிறேன் மாமி என்று சொன்னேன், கூட்டவில்லை. ஈரப்பலா இலை ஒவ்வொன்றும் விசிறி அளவு, இரண்டு மாதத்தில் மூலையில் கணுக்கால் புதையச் சருகு.

தை முடிகிற நேரம், பின்னேரம் ஆறு மணிபோல் ஒரு விசில். இரண்டே சுரம், மேலே ஏறிச் சட்டென்று இறங்கும். மேல்வீட்டுப் பெடியன் யாருக்கோ அடிக்கிறான் என்று நினைத்தேன். அடுத்த நாள் விடிய ஆறுக்கும் அதே விசில், அந்தப் பெடியன் அந்த நேரத்தில் எழும்புகிற ஆள் இல்லை. மூன்றாம் நாள் கோப்பையோடு குசினிப் படியில் அசையாமல் இருந்தேன். சருகு ஒன்று தானாகப் புரண்டது. பிறகு இன்னொன்று. அதற்குப் பின்னால் இருந்து மைனாவைவிடச் சின்னதாக, வாலே இல்லாததுபோல் ஒரு குண்டு உருவம் ரப்பர் பந்து மாதிரித் துள்ளி வந்தது. முதுகு பச்சை, கண்ணைச் சுற்றித் தடித்த கறுப்புப் பட்டை, தொண்டை வெள்ளை, இறக்கையில் ஒரு துண்டு நீலம், அந்தக் கட்டை வாலை ஆட்டும்போது கீழே குங்குமச் சிவப்பு. சருகை அலகால் தூக்கி எறிந்து, புழுவை இழுத்து, இரண்டு தரம் நிலத்தில் அடித்து விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தது. தேத்தண்ணீர் ஆறிப்போனது.

இதுதான் ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரம், மத்திய இந்தியா என்று அங்கே மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இங்கேயும் வருகிறது. நிலத்தில் சருகு கிண்டித்தான் சாப்பாடு. மாமி கூட்டிய நிலத்தில் அதற்கு ஒன்றும் கிடைத்திருக்காது, அதாவது என் சோம்பலுக்குத்தான் அது வந்தது. இதை வீட்டில் சொன்னேன், யாரும் பாராட்டவில்லை.

பக்கத்து வீட்டுச் சிங்கள அன்ரி மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று “அவிச்சியா” என்றா, சிங்களத்தில் இந்தக் குருவிக்கு அதுதான் பெயர். அவ சொன்ன கதை: இதன் உடுப்பை மயில் திருடிவிட்டதாம், அடுத்த புத்தர் வந்ததும் முறையிடுவேன் என்றுதான் விடியவும் பின்னேரமும் கத்துகிறதாம். அந்தக் கிழமையே மாம்பூவுக்கு மொய்த்த ஈயைப் பிடிக்க இன்னொன்று வந்தது: பால்வெள்ளை உடம்பு, கறுத்தக் கொண்டை, உடம்பைவிட நீளமாக இரண்டு வெள்ளை வால் நாடா, பறக்கும்போது யாரோ ரிபனை இழுத்துக்கொண்டு ஓடுவதுபோல். அரசவால் ஈப்பிடிப்பான். இங்கேயே இருக்கிற இனத்தில் ஆண் செங்கபிலமாகவே இருந்துவிடும், வெள்ளை என்றால் இந்தியாவிலிருந்து வந்தது. சிங்களத்தில் அதற்குச் சுது ரெதி ஹொரா, வெள்ளைத்துணிக் கள்ளன். மாமி ஜன்னலால் பார்த்துவிட்டு, “உடுப்பைப் பறிகொடுத்தவரும் துணிக்கள்ளனும் ஒரே வளவுக்குள்ளயோ, நல்ல சம்பந்தம்” என்றா.

டெங்கு சோதிக்க வந்தவர்கள் சருகைப் பார்த்து முகம் சுளித்தார்கள், அதில் நியாயமும் உண்டு. சிரட்டை, பூச்சாடித் தட்டு, தயிர்ச்சட்டி எல்லாம் கவிழ்த்து வைத்திருப்பதைக் காட்டிய பிறகு போனார்கள். மழை பெய்தால் நானே சருகைக் கிளறி, தண்ணீர் தேங்கிய இலையைப் புரட்டுகிறேன்.

உங்கள் வளவுகளில் என்ன வந்தது, சொல்லுங்கள்.

ஏழாம் மாடி (தெகிவளை):

எங்களுக்கு வளவு இல்லை, ஆனால் போன ஒக்டோபரில் இதே குருவி எங்கள் பல்கனிக் கண்ணாடியில் வந்து அடித்து விழுந்தது. இரவில் பறந்து வருவதாம், வந்து சேர்கிற நேரம் களைத்துப்போய் வீட்டுக்குள்ளேயே வந்துவிடுமாம். வாயில் தண்ணீர் விடப் போனேன், விடாதே அக்கா, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்று தம்பி கத்தினான். சப்பாத்துப் பெட்டியில் ஓட்டை போட்டு, மூடி, இருட்டில் வைத்தோம். ஒரு மணித்தியாலத்தில் உள்ளே டக்டக் என்று சத்தம். லிஃப்டில் கீழே கொண்டுபோய், வாழைக்குப் பின்னால் பெட்டியைத் திறந்தோம். திரும்பிப் பார்க்காமல் போனது. லிஃப்டில் கூட வந்த ஆள் பெட்டியில் என்ன என்று கேட்டார், சப்பாத்து என்று சொல்லிவிட்டேன்.

நாலு சாடி (கொட்டாஞ்சேனை):

இங்கே மதில் உண்டு, மண் இல்லை. முழுக்க சீமெந்து. காகம், மைனா, மதில் விளிம்பில் அணில், அவ்வளவுதான் என்று இருந்தேன். போன கிழமை குரோட்டன் சாடியில் ஒரு இலை சுருண்டு நின்றது, பூச்சி பிடித்துவிட்டது என்று கிள்ளப் போய்க் கிட்டப் பார்த்தால் ஓரத்தில் வரிசையாக ஊசித் துளை, ஒவ்வொன்றிலும் பஞ்சுபோல் ஒரு முடிச்சு. தையல்சிட்டு. நல்லவேளை கிள்ளவில்லை. இப்போது அந்தச் சாடிக்கு மட்டும் குவளையால் மெதுவாகத் தண்ணீர் விடுகிறேன், குழாய் பிடிப்பதில்லை.

பின்வளவு (வெள்ளவத்தை):

நாலு சாடி, அது குஞ்சு பொரித்து முடியும்வரை சாடியை நகர்த்தாதீர்கள்.

எங்கள் பக்கத்துச் செய்தி: மாமிக்கு முழங்கால் சுகம். திரும்பக் கூட்டத் தொடங்கிவிட்டா. ஆனால் கோடு ஈரப்பலா மூலைக்கு இரண்டு முழம் முன்னாலேயே நின்றுவிடுகிறது, நான் ஒன்றும் கேட்கவில்லை. நேற்றுத்தான் அவவே கேட்டா, சித்திரைக்குள் ஆறுமணிக்குருவி போய்விடும்தானே என்று. வழக்கமாக ஏப்ரலுக்குள் போய்விடும் மாமி என்றேன். வருடப்பிறப்புக்கு முதல் அந்த மூலையை முடிக்க வேண்டுமென்று புது ஈர்க்குமாறு ஒன்று வாங்கிக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிறா.