'கெட் ஆஃப் வித்' என்றால் முத்தமா, படுக்கையா?

லீட்ஸ்வாசி: பிரிட்டிஷ் காதல் கொச்சை பற்றி வேங்கை போட்ட காணொளியைப் பார்த்தேன். 'கெட் ஆஃப் வித்' என்றால் படுப்பதுதான் என்று அடித்துச் சொல்கிறார். எரிச்சல்தான் வந்தது. வெள்ளிக்கிழமை ராத்திரி கிளப்பில், பாட்டுச் சத்தத்துக்கு நடுவே இரண்டு பேர் முத்தம் கொடுத்துக்கொண்டால் போதும், மறுநாள் தோழிகள் அதைத்தான் சொல்வார்கள். முத்தம். அவ்வளவுதான்.

வேங்கை: ஆக்ஸ்ஃபோர்டு அகராதியைத் திறந்து பாருங்கள். பாலியல் உறவைத் தொடங்குவது என்று இருக்கிறது. அகராதியை விட நீங்கள் பெரிய ஆளா?

லீட்ஸ்வாசி: அங்கேயே காதல் அனுபவம் என்றும் இருக்கிறதே, அதை ஏன் விழுங்கினீர்கள்? முத்தம் என்பதுதான் தெருப்பேச்சு.

கடலைமன்னன்: இதுக்கா இவ்வளவு சண்டை? 'சாட் அப்' கடலை போடுவது, 'ஸ்டாண்ட் அப்' வரச்சொல்லிவிட்டு வராமல் அல்வா கொடுப்பது, 'ஃபினிஷ் வித்' கழற்றி விடுவது. இதெல்லாம் தெரிந்தால் போதாதா? ஒருவரை முட்டாளாக்குவதைச் சொல்லும் 'மக் ஆஃப்' மட்டும் 2015-இல் ஐடிவி2-வில் லவ் ஐலண்ட் என்ற ஜோடி சேரும் டிவி நிகழ்ச்சி வந்த பிறகு முளைத்தது.

ஈஸ்ட்ஹாம்காரன்: முளைத்ததா! ஏமாந்தவனை 'மக்' என்பது லண்டனில் பழைய பேச்சு. டிவி பார்த்து இங்கிலீஷ் படித்தால் இப்படித்தான்.

கடலைமன்னன்: லண்டன் மட்டும்தான் இங்கிலாந்தா அண்ணே? லிவர்பூல் பக்கம் 'காப் ஆஃப் வித்' என்பார்களே, கேட்டிருக்கிறீர்களா?

லீட்ஸ்வாசி: அதுவும் பெரும்பாலும் முத்தம்தான். நான் சொல்வதற்கு அதுவே சாட்சி.

வேங்கை: எதைப் பார்த்தாலும் முத்தமா உங்களுக்கு? போன மாதம் 'புல்' (pull, ஆளை மடக்குவது) பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் நடுவில் புகுந்து கெடுத்தீர்கள். நான் மறக்கவில்லை.

லீட்ஸ்வாசி: நீங்கள் மறக்காவிட்டால் போகட்டும். அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு புதிதாக வந்த மாணவன் ஒருவன், விருந்தில் முத்தம் கொடுத்த பெண்ணைப் பற்றி வேறு மாதிரி நினைத்துக்கொண்டால் அந்தப் பெண்ணின் பெயர்தானே கெடும்? அகராதியில் இரண்டும் இருக்கும்போது ஒன்றை மட்டும் சொல்வது தப்பு. முத்தம் என்பதை முதலில் சொல்லுங்கள்.

வேங்கை: காணொளியை மாற்ற மாட்டேன்.

ஈஸ்ட்ஹாம்காரன்: அது கிடக்கட்டும், 'மக்' பற்றி நான் கேட்டதற்கு கடலைமன்னன் இன்னும் பதில் சொல்லவில்லை.

லீட்ஸ்வாசி: அதை அப்புறம் பாருங்கள். வேங்கை, முத்தம் என்று போடுவீர்களா, மாட்டீர்களா?