மலையில் வீட்டு நாஸ்: வாங்கியவர்கள், வேண்டாம் என்றவர்கள்

குன்னூர்:

நாஸ் என்பது ரவுட்டரில் இணைத்து, வீட்டுக் கம்ப்யூட்டர் எல்லாவற்றின் கோப்புகளையும் ஒரே இடத்தில் சேமிக்கும் டிஸ்க் பெட்டி. எங்கள் வீட்டில் மூன்று கம்ப்யூட்டர். அப்பாவின் டெஸ்க்டாப்பில்தான் சரக்கு அதிகம். பழைய கேசட்டில் இருந்து ஏற்றிய படுகப் பாட்டு, ஹெத்தையம்மன் பண்டிகை வீடியோ எல்லாம் சேர்ந்து ஒன்றரை டிபி. இரண்டு டிஸ்க் போடும் நாஸ் பெட்டி வாங்கி, 4 டிபி டிஸ்க் இரண்டை ரெய்டு 1 என்ற ஜோடி முறையில் போட்டிருக்கிறேன். இரண்டிலும் ஒரே தகவல்தான் பதிவாகும், அதனால் கைக்குக் கிடைப்பது 4 டிபிதான். ஒரு டிஸ்க் போனால் மற்றது தாங்கும். ஆனால் ஒரு கோப்பை நாமே அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும். ரெய்டு இருந்தாலே பேக்கப் ஆகிவிட்டது என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள்.

பெட்டி எந்தக் கம்பெனி என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட டிஸ்க் என்ன ரகம் என்று பாருங்கள். டிராக்குகள், அதாவது தகவல் பதியும் வட்டத் தடங்கள், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியாக இருக்கும் சிஎம்ஆர் ரகம் வாங்குங்கள். எஸ்எம்ஆர் டிஸ்கில் டிராக்குகள் கூரை ஓடு மாதிரி ஒன்றன் விளிம்பில் ஒன்று ஏறி நிற்கும். ஒரு இடத்தை மாற்றி எழுத, பக்கத்து டிராக்குகளையும் திரும்ப எழுத வேண்டும். கெட்ட டிஸ்கை மாற்றி ரெய்டை மறுபடி கட்டும்போது இழுத்துக்கொண்டே போகும். வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையில் சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்று 2020-ல் வெளியே தெரிந்து பெரிய சண்டையே நடந்தது. சிஎம்ஆர் டிஸ்குகளுக்கு ரெட் பிளஸ் என்று தனிப்பெயர் வந்தது அதற்குப் பிறகுதான்.

இவ்வளவு உயரத்தில் டிஸ்க் ஓடுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். டிஸ்கின் ஹெட் காற்றின்மேல் மிதந்துதான் படிக்கிறது, காற்று மெலிந்தால் தட்டுக்கு நெருங்கிவிடும். பெரும்பாலான டிஸ்குகளுக்குக் கம்பெனி கொடுக்கும் எல்லை சுமார் 3,000 மீட்டர். தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். கவலை வேண்டாம், அங்கே போய் யாரும் நாஸ் வைக்கப்போவதும் இல்லை.

கொடைக்கானல்:

உயரத்தை விடுங்க சார், கரண்டைச் சொல்லுங்க. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தப்ப இங்க மரமெல்லாம் சாய்ஞ்சு நாள்கணக்கா இருட்டு. அது பெரிய கதை. சாதாரண மழைக்கே கரண்ட் போய்ப் போய் வர்ற ஊர் இது. எழுதிக்கிட்டு இருக்கும்போது பெட்டி அணைஞ்சா ஃபைல் சிஸ்டம் கெடலாம். வீட்டு இன்வர்ட்டர் இருக்கேன்னு விட்டுடாதீங்க, அது மாறுற கண நேரத்துலயே நாஸ் ரீஸ்டார்ட் ஆகிடலாம். யூஎஸ்பி வயர் கொடுக்கிற யூபிஎஸ் வாங்கி நாஸோட இணைச்சிருங்க. பேட்டரி இறங்கினா நாஸ் தானே முறையா மூடிக்கும். ரவுட்டரையும் அதே யூபிஎஸ்ல போடுங்க.

கோத்தகிரி:

அண்ணா, என் கணக்கு வேற. எனக்கு இருக்கிறதே ஒரு லேப்டாப்பு, அரை டிபி போட்டோ. அதுக்கு நாஸ் எதுக்கு? யூஎஸ்பி டிஸ்க் ரெண்டு. ஒண்ணு இங்க பீரோவுல சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுல இருக்கு, இன்னொண்ணு மேட்டுப்பாளையத்துல அம்மா வீட்ல. ஊருக்குப் போறப்ப மாத்திக்குவேன். மண்சரிவு, தீ, திருட்டு எது வந்தாலும் ரெண்டு இடத்துலயும் ஒரே நாள்ல வராது. உங்க ரெண்டு டிஸ்கும் ஒரே பெட்டிக்குள்ள, ஒரே அலமாரியிலதானே இருக்கு?

ஒரு விஷயம். இங்க குளிர்ல கிடந்த டிஸ்கைக் கீழ கொண்டுபோய் உடனே சொருகக் கூடாது. கீழ காத்துல இருக்கிற ஈரம் குளிர்ந்த உலோகத்துல வேர்த்துரும். ஜிப் கவர்ல போட்டு எடுத்துட்டுப் போய், அந்தச் சூட்டுக்கு வர்ற வரைக்கும் கவரைப் பிரிக்காம வச்சிருந்துதான் சொருகுவேன்.

ஊட்டி:

வெளியூரில் இருந்தே போட்டோ பார்க்கலாம் என்று ரவுட்டரில் போர்ட் (வெளியில் இருந்து உள்ளே வரும் வாசல்) திறந்துவிடாதீர்கள். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர் அப்படி இணையத்தில் திறந்து கிடந்த க்யூநாப் கம்பெனி நாஸ் பெட்டிகளுக்குள் புகுந்து கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. விபிஎன் என்ற பூட்டிய தனிப்பாதை வழியாகப் பாருங்கள், கோப்புகளின் பழைய நிலையை அப்படியே பிடித்து வைக்கும் ஸ்னாப்ஷாட் வசதி இருந்தால் போட்டு வையுங்கள்.

குன்னூர்:

கோத்தகிரித் தங்கச்சி கேட்டதற்கு மறுப்புச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் மூன்று கம்ப்யூட்டரிலும் நினைவு வைத்து டிஸ்கைச் சொருக எங்கள் வீட்டில் ஆள் கிடையாது. நாஸ் ராத்திரியில் தானே நகல் எடுத்துக்கொள்கிறது, மகளின் மேக்கில் டைம் மெஷின் என்ற பேக்கப் வசதி உட்பட. அதனால் நாஸும் இருக்கட்டும், அதன் பின்னால் யூஎஸ்பி டிஸ்க் ஒன்றைச் சொருகி நகல் எடுத்துக் கோயம்புத்தூரில் தம்பி வீட்டுக்கு அனுப்பப் போகிறேன். கிளவுடு யோசித்தேன். 20 எம்பிபிஎஸ் அப்லோடில் ஒன்றரை டிபி ஏற, ஒரு நொடி விடாமல் ஓடினாலும் ஏழு நாள் ஆகும்.

புதிதாக வாங்குகிறவர்கள் முதல் நகலை மட்டும் வைஃபையில் எடுக்காதீர்கள். இங்கே பழைய கல்சுவர் வீடுகளில் அடுத்த அறைக்கே சிக்னல் தள்ளாடும். கிகாபிட் கேபிளில் நொடிக்கு 110 எம்பி அளவில் போகும். அப்பாவின் ஒன்றரை டிபி நாலு மணி நேரத்தில் முடிந்துவிட்டது.