செருப்பு போட்ட காந்திமதி யானை: குரோஷாவில் தும்பிக்கை வளையவில்லை, உதவி தேவை

பாளை_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். திருநெல்வேலி நெல்லையப்பர் கோயில் யானை காந்திமதியைக் குரோஷாவில், அதாவது கொக்கி ஊசியால் நூலில், பின்னிக்கொண்டிருக்கிறேன். என் மகளுக்கு ஆறு வயது. கோயிலுக்குப் போனால் அவளுக்குச் சாமியெல்லாம் அப்புறம்தான், முதலில் யானை. 2025 ஜனவரியில் காந்திமதி இறந்துபோனதை இன்னும் அவளால் ஏற்க முடியவில்லை. கோயிலுக்குள் நுழைந்ததும் கண் யானையைத்தான் தேடுகிறது. அவளுக்காகத்தான் இந்தப் பொம்மை.

ஏதோ ஒரு யானை போதும் என்றால் இணையத்தில் ஆயிரம் பேட்டர்ன் கிடைக்கும். எனக்கு இது காந்திமதியாகவே இருக்க வேண்டும். மூட்டுவலியால் நடக்கச் சிரமப்படுகிறது என்று 2022இல் பக்தர்கள் சேர்ந்து 12,000 ரூபாயில் தோல் செருப்பு செய்து கொடுத்தார்களே, அந்தச் செருப்பு நாலும் வேண்டும். மகள் முதலில் கேட்டதே அதைத்தான். "அதுக்குக் கால் வலிக்கும்மா" என்கிறாள். அப்புறம் நெற்றியில் முகபடாம் என்கிற அலங்காரம், கழுத்தில் மணி. எல்லாமே அவள் கையால் கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்க வேண்டும்.

நாலு பிளை அக்ரிலிக் உல்லன், சாம்பல் நிறம், 2.5 மி.மீ. ஊசி. உடம்பும் தலையும் முடிந்துவிட்டன. தும்பிக்கைதான் குழாய் மாதிரி விறைப்பாக நிற்கிறது. கால் ஒரே அளவில் தூண் போல இருப்பதால் செருப்பு மாட்டியதும் நழுவி விழுகிறது. முகபடாமுக்கு வாங்கின ஜரிகை நூல் ஊசியில் பிரிந்து பிரிந்து வருகிறது. யாராவது செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

மதுரை_ஊசிநூல்:

ஜரிகையைத் தனியாகப் பின்னாதீங்க தோழி. மஞ்சள் காட்டன் நூலோடு எம்பிராய்டரி ஜரிகை ஒரு இழையைச் சேர்த்துப் பிடித்து, இரண்டையும் ஒன்றாகப் பின்னுங்கள். காட்டன் தாங்கிக்கொள்ளும், ஜரிகை மினுக்கும். ஊசியை 3 மி.மீ.க்கு மாற்றுங்கள், 2.5இல் கை வலிக்கும். வெறும் ஜரிகை குழந்தை கன்னத்தில் பட்டால் உறுத்தவும் செய்யும்.

கண்ணிக்கணக்கு:

மகளுக்கு என் அன்பு. தும்பிக்கையும் செருப்பும் இரண்டுமே சரியாக வரும், சொல்கிறேன்.

தும்பிக்கையை நுனியிலிருந்து ஆரம்பியுங்கள். மேஜிக் ரிங்கில் (இழுத்தால் இறுகுகிற ஆரம்ப நூல் வளையம்) 6 கண்ணி, அடுத்த சுற்று 9, அதற்கடுத்து 12. இரண்டு மூன்று சுற்று சாதாரணமாகப் போட்டுவிட்டு வளைவுக்கு வாருங்கள். ஒரு சுற்றில் 6 கண்ணி ஹாஃப் டபுள் (உயரமான கண்ணி), மீதி 6 கண்ணி ஸ்லிப் ஸ்டிச் (மிகக் குட்டையான கண்ணி). அடுத்த சுற்று முழுக்க சிங்கிள், அதாவது சாதாரணக் கண்ணி. இப்படி மாற்றி மாற்றிப் போட்டால் உயரமான கண்ணி உள்ள பக்கம் நீளும், குட்டைக் கண்ணி உள்ள பக்கம் உள்ளே இழுக்கும். வளைவு தானாக விழும். ஸ்லிப் ஸ்டிச்சை மட்டும் தளர்வாகப் போடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த சுற்றில் ஊசி நுழையாது.

முக்கியமான ஒன்று. நாம் சுருளாகப் பின்னுவதால் கண்ணிகள் சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் பக்கவாட்டில் நகரும். கவனிக்காவிட்டால் வளைவு திருகிக்கொண்டு ஒரு பக்கமாகப் போய்விடும். உள்வளைவின் நடுவில் வேறு நிற நூலை அடையாளமாக விட்டு வையுங்கள். ஸ்லிப் ஸ்டிச் ஆறும் அந்த அடையாளத்துக்கு இரண்டு பக்கமும் மூன்று மூன்றாக விழ வேண்டும். நகர்ந்தால் ஒரு கண்ணி தள்ளி ஆரம்பியுங்கள். பஞ்சை வளைவு வரைக்கும் லேசாக வைத்தால் போதும். இறுக்கி அடைத்தால் மறுபடியும் குழாய்தான். கம்பி வைக்கச் சொல்பவர்கள் இருப்பார்கள். குழந்தை கட்டிப்பிடித்துத் தூங்கப்போகிற பொம்மைக்குள் கம்பி வேண்டவே வேண்டாம்.

செருப்புக்கு வருகிறேன். அது நழுவுவதற்குக் காரணம் பாதமும் காலும் ஒரே சுற்றளவில் இருப்பது. பாதத்தை 6, 12, 18, 24 என்று தட்டையாக விரித்து, அடுத்த சுற்றைக் கண்ணியின் தலையில் தெரிகிற இரண்டு இழைகளில் பின் இழையில் மட்டும் எடுத்துப் பின்னுங்கள், ஓரம் கூர்மையாக மடங்கும். 24இலேயே மூன்று சுற்று ஏறிவிட்டு, நாலு கண்ணி குறைத்து 20 ஆக்கிக் காலை மேலே கொண்டுபோங்கள். இப்போது பாதத்துக்கு மேல் ஓர் இடுக்கு கிடைக்கும். யானையின் பாதமும் கொஞ்சம் விரிந்துதான் இருக்கும், பார்க்கவும் பொருத்தம்.

செருப்பின் அடிப்பகுதி பாதத்தைவிட ஒரு சுற்று பெரிது, அதாவது 30 கண்ணி. பிரவுன் நிறத்தில் பின்னி, அதையும் பின் இழையில் மடக்கி, கூட்டாமல் இரண்டு சுற்று. முன்பக்கம் குறுக்கே ஒரு பட்டை தைத்துவிடுங்கள். பின்பக்கம் செயின் (சங்கிலிக் கண்ணி) போட்ட வார், ஓரத்தில் சின்ன பட்டன். வார் அந்த இடுக்கில் உட்காரும், உலுக்கினாலும் விழாது. உங்கள் மகளுக்கு ஆறு வயது என்பதால் பட்டன் சரி. வீட்டில் மூன்று வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் பட்டனும் மணியும் ஆபத்து, வாயில் போட்டுக்கொள்ளும். அப்போது எல்லாவற்றையும் தைத்துவிடுவதே நல்லது, கண்ணும் கறுப்பு நூலில் பின்னியதாக இருக்கட்டும்.

யானை நாலு காலில் நிற்க வேண்டுமென்றால், ஐஸ்கிரீம் டப்பா மூடியை வட்டமாக வெட்டி, ஓரத்தை மழுங்கடித்து, ஒவ்வொரு பாதத்துக்குள்ளும் வையுங்கள். காலில் பஞ்சு கெட்டியாக இருக்கட்டும். இலவம்பஞ்சு வேண்டாம், ஒரு முறை துவைத்தால் கட்டி கட்டியாகிவிடும். தலையணைக்குப் போடுகிற ஃபைபர் பஞ்சு வாங்குங்கள்.

டவுன்_ரதவீதி:

எனக்குக் குரோஷா தெரியாது, தங்கச்சி. ஆனால் ஆனித் தேருக்கு முன்னால் காந்திமதி நடந்து வருவதைப் பல வருஷம் பார்த்தவன். அதனால் சொல்கிறேன்.

தந்தம் வைத்துவிடாதே. காந்திமதி பெண் யானை. கடையில் விற்கிற யானைப் பொம்மை பாதிக்குத் தந்தம் இருக்கும், காது முறம் மாதிரி தோளை மூடும். அந்தக் காது ஆப்பிரிக்க யானைக்கு உரியது. நம் யானைக்குக் காது சிறிது, உச்சந்தலைக்கு மேலே போகாது. தலை உச்சியில் இரண்டு மேடு, நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளம் வந்தால்தான் ஆசிய யானை. முன்னங்காலில் பொதுவாக ஐந்து நகம், பின்னங்காலில் நாலு. நெற்றியில் திருநீற்றுப் பட்டை மூன்றும் மறக்காதே, சிவன் கோயில் யானை அல்லவா.

வயதான யானைக்குக் காது ஓரத்திலும் தும்பிக்கையிலும் இளஞ்சிவப்பாக வெளுத்துப் புள்ளி விழும். அதை எப்படிக் காட்டுவது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

பாளை_அம்மா:

அண்ணாச்சி, நல்லவேளை சொன்னீர்கள். காது பெரிதாகத்தான் பின்னி வைத்திருந்தேன், இன்னும் தைக்கவில்லை. சிறிதாகப் பின்னிவிடுகிறேன். தலைப் பள்ளத்துக்கு, பஞ்சு அடைத்த பிறகு உச்சியிலிருந்து கழுத்து வரை நூலைக் கோத்து இழுத்துக் கட்டினேன், இரண்டு மேடும் அழகாக எழும்பிவிட்டன. கண்ணிக்கணக்கு அக்கா சொன்னபடி தும்பிக்கை வளைந்துவிட்டது. இனி முகபடாம்தான் பாக்கி. அதில் வரும் குமிழ்களை எப்படிக் கொண்டுவருவது?

கண்ணிக்கணக்கு:

பாபிள் ஸ்டிச், அதாவது ஒரே இடத்தில் பல கண்ணி போட்டு ஒன்றாக முடிப்பது. கீழ் முனையில் இரண்டு கண்ணியில் ஆரம்பித்து, வரிசைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று கூட்டி முக்கோணமாக விரியுங்கள். பின்பக்கம் நம்மைப் பார்க்கிற வரிசையில் பாபிள் போட்டால்தான் குமிழ் முன்பக்கம் துருத்தும். ஓரம் முழுக்கச் சிவப்பில் ஒரு சுற்று. மேல் மூலை இரண்டிலும் செயினில் வளையம் விட்டு, அதைக் காதில் மாட்டுங்கள். மகள் தானே மாட்டிக் கழற்றலாம்.

இளஞ்சிவப்புப் புள்ளிக்கு எம்பிராய்டரி நூலில் இரண்டு இழை போதும், அங்கங்கே ஒழுங்கில்லாமல் குட்டி குட்டித் தையல். காதை உடம்போடு சேர்த்துத் தைப்பதற்கு முன்பே போட்டுவிடுங்கள், அப்புறம் கை நுழையாது.