தெருக்கோடி மழைநீர்க் குழாய்: ஒரு சனிக்கிழமை இரவுப் பேச்சு

கடற்கரைத் தெரு குடும்பங்கள், திருவான்மியூர்
மே மாதம், சனி இரவு

செக்ரட்டரி சங்கர்: எல்லோருக்கும் வணக்கம். தெருக்கோடியில் மணலுக்குள் போகிற மழைநீர்க் குழாய் வேலை நாளைக் காலை 6 மணிக்கு. ஜேசிபிக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. வீட்டுக்கு 1,500 ரூபாய். கொடுக்காதவர்கள் இன்றே ஜிபே செய்துவிடுங்கள். கோடியில் கார் நிறுத்த வேண்டாம்.

தேவி மாடி: சரிண்ணா

கீதா அக்கா: போட்டாச்சு

பாஸ்கர் 9-ஆம் எண்: இன்னொரு மழைக்குத் தண்ணீர் கூடத்துக்குள் வந்தால் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விடுவேன். நல்ல காரியம் சங்கர். சட்டென்று முடியுங்கள்.

பாத்திமா டீச்சர்: பொங்கல் விழாக் கணக்கு இன்னும் வரவில்லை சங்கர்.

செக்ரட்டரி சங்கர்: டீச்சர், அது வேறு, இது வேறு.

பாத்திமா டீச்சர்: பணம் ஒன்றுதானே.

ராமநாதன் சார்: சங்கர், ஜேசிபியை வர வேண்டாம் என்று சொல்லுங்கள். மணலில் கை வைக்கக் கூடாது. விவரமாக எழுதுகிறேன்.

தேவி மாடி: சார் டைப் செய்கிறார். எல்லோரும் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம்.

ராமநாதன் சார்: தார் ரோடு முடியும் இடத்துக்கு அப்பாலும் குழாய் மாநகராட்சியுடையதுதான். ஆனால் அது கிடக்கிற இடம் கடலோர ஒழுங்குமுறை மண்டலம், அதாவது சிஆர்இசட். 1991 பிப்ரவரி 19 அன்று முதல் அறிவிக்கை வந்தது. அப்புறம் 2011-இல் ஒன்று, 2019-இல் ஒன்று. உயர் அலைக்கோட்டிலிருந்து, அதாவது அலை அதிகபட்சம் ஏறி வருகிற எல்லையிலிருந்து, நிலத்தின் பக்கம் 500 மீட்டர் வரை அதற்குள் வரும். நம் வீடுகள் எல்லாமே உள்ளேதான். வீடு இருக்கிற பக்கம் ஒரு வகை, அலை ஏறி இறங்குகிற மணல் இன்னொரு வகை. அங்கே கட்டுப்பாடு இன்னும் அதிகம். பொதுமக்களுக்கான வடிகால் வேலையே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. கேட்டுச் செய்ய வேண்டும். கேட்க வேண்டியது குழாயின் சொந்தக்காரர், அதாவது மாநகராட்சி. நாம் சந்தா போட்டு ஜேசிபி இறக்கினால், அனுமதி இல்லாமல் கடற்கரையைத் தோண்டியவர்கள் என்று நம் பெயர்தான் எழுதப்படும்.

பாஸ்கர் 9-ஆம் எண்: ரிப்பேருக்குமா?

ராமநாதன் சார்: இருந்ததை இருந்தபடியே சரிசெய்வது ஒரு வகை. அளவைக் கூட்டினாலோ, இன்னும் நீட்டினாலோ அது புது வேலை. சங்கர், என்ன அளவுக் குழாய் சொல்லியிருக்கிறீர்கள்?

செக்ரட்டரி சங்கர்: இருப்பது 600 மிமீ. 900 போட்டுவிடலாம் என்று கொத்தனார் சொன்னார்.

ராமநாதன் சார்: போச்சு.

கீதா அக்கா: அடுத்த மழைக்குள் அனுமதி வருமா, அதைச் சொல்லுங்கள் முதலில்.

ராமநாதன் சார்: மாநகராட்சி படிவமும் வரைபடமும் கொடுக்க வேண்டும். வரைபடம் 1:4000 அளவில், உயர் அலைக்கோடு, தாழ் அலைக்கோடு இரண்டும் குறித்திருக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் வரைந்துவிட முடியாது. அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் உண்டு, அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் அதில் ஒன்று. அப்புறம் மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மைக் குழு, அதற்கு மேல் மாநில ஆணையம். இவ்வளவும் நமக்குத் தேவைப்படுமா, பழைய குழாய் என்பதால் சுருக்கமாக முடியுமா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். அதற்கு முக்கியமான கேள்வி ஒன்று: இந்தக் குழாய் எப்போது போட்டது? 1991-க்கு முன்பா, பின்பா?

பாத்திமா டீச்சர்: சுனாமிக்குப் பிறகு போட்டது.

பாஸ்கர் 9-ஆம் எண்: இல்லை டீச்சர், அப்போது ரோடுதான் போட்டார்கள்.

கீதா அக்கா: என் கல்யாணத்தன்று தெருக்கோடியில் பள்ளம் தோண்டிக் குழாய்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். காரை உள்ளே விட முடியாமல், கூறைப்புடவையோடு பலகை மேல் நடந்து வந்தேன். 1988.

தேவி மாடி: அக்கா, இதை இத்தனை வருடம் சொல்லவே இல்லையே!

கீதா அக்கா: மாமியார் அதையே சகுனம் என்று பத்து வருடம் சொன்னார். அதனால் நான் சொல்வதில்லை.

ராமநாதன் சார்: படம் இருக்கிறதா அம்மா? குழாய் தெரிகிற மாதிரி? ரொம்ப உதவும்.

கீதா அக்கா: ஆல்பம் நாத்தனார் வீட்டில். அவளோடு பேச்சு இல்லை.

பாத்திமா டீச்சர்: தெருவுக்காகப் பேசு கீதா. எத்தனை நாளைக்கு அந்த வளையல் விஷயம்.

கீதா அக்கா: டீச்சர், அதை இங்கே வேண்டாம்.

குப்பம் ஏழுமலை அண்ணன்: எல்லோருக்கும் வணக்கம். படகு ஏற்றிவிட்டு இப்போதுதான் பார்த்தேன். கடைசி இரண்டு துண்டு ஜாயின்ட் விட்டுச் சாய்ந்து கிடக்கிறது. உள்ளே முக்கால்வாசி மணல். இப்போது வாரினாலும் நிற்காது. தென்காற்று அடிக்கிற வரை மணல் ஏறிக்கொண்டேதான் இருக்கும். வாடை தொடங்கினால்தான் அரிக்கும். குழாயின் வாயை மழைக்குக் கொஞ்சம் முன்னால் திறந்தால் போதும்.

ராமநாதன் சார்: அண்ணன் சொல்வதைக் கவனியுங்கள். வேலை இரண்டு. ஜாயின்டைச் சரிசெய்வது ஒன்று, குழாய் வாயிலிருந்து மணல் எடுப்பது ஒன்று. இரண்டையும் சேர்த்துக் குழப்ப வேண்டாம். எடுக்கிற மணலை லாரியில் ஏற்றி அனுப்பவும் கூடாது, அங்கேயே பக்கத்தில் பரப்ப வேண்டும். அடப்பங்கொடி படர்ந்த மேட்டைத் தொடவே கூடாது.

செக்ரட்டரி சங்கர்: கொத்தனார் மணலை எடுத்துக்கொள்வதாகச் சொல்லித்தான் கூலி குறைத்தார்.

பாத்திமா டீச்சர்: நல்ல கணக்கு.

குப்பம் ஏழுமலை அண்ணன்: இன்னொன்று. குழாய்க்கு வடக்கே ஆமை ஏறியிருக்கிறது. தடம் பார்த்தோம். முட்டையைப் பாதுகாக்க எடுத்துப்போகிற பிள்ளைகள் கண்ணில் படாமல் ஒரு குழி இருந்தாலும் இருக்கும். ஜேசிபி சக்கரம் ஏறினால் அவ்வளவுதான்.

தேவி மாடி: ஐயோ

ராமநாதன் சார்: பங்குனி ஆமை 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, அதாவது உச்சப் பாதுகாப்பு. நம் கரையில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை முட்டையிடும். பொரிக்க ஏழு வாரம் வரை ஆகும். ஏப்ரல் கடைசியில் இட்டது ஜூன் நடுவில்தான் பொரிக்கும். ஆக, ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரைதான் மணலில் வேலை செய்யக்கூடிய காலம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை. அந்தக் காலம் வருவதற்குள் காகிதம் நகர வேண்டும். நாளை ஜேசிபி இறக்கி, அது புகாராகி, தடை வந்தால் அந்த மூன்று மாதமும் போய்விடும். நவம்பரில் மறுபடி கூடத்தில் தண்ணீர். எனக்கு அதுதான் கவலை.

பாத்திமா டீச்சர்: ஈசிஆரில், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலையில், கொட்டிவாக்கம் முதல் உத்தண்டி வரை வடிகால் போட வந்தபோது, மணலே மழையைக் குடித்துவிடும், கடலுக்கு எதற்கு வாய்க்கால் என்று பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்களே. நமக்கு மட்டும் குழாய் எதற்கு?

ராமநாதன் சார்: அங்கே சொன்னது சரி. நம் தெருவில் மணல் எங்கே மிச்சம் இருக்கிறது டீச்சர்? எல்லார் வீட்டு வாசலிலும் டைல்ஸ்.

கீதா அக்கா: முதலில் டைல்ஸ் போட்டது யார் சார்?

தேவி மாடி: 😶

குப்பம் ஏழுமலை அண்ணன்: ஒன்று சொன்னால் கோபப்படக் கூடாது. அந்தக் குழாயில் மழை இல்லாத நாளிலும் தண்ணீர் வருகிறது. சோப்பு நுரையும் நாற்றமும். நாங்கள் வலை பிரிக்கிற இடத்துக்குத்தான் வருகிறது. மழைத் தண்ணீருக்கு ஊர் ஒத்துக்கொள்ளும். இதற்கு ஒத்துக்கொள்ளாது.

ராமநாதன் சார்: விண்ணப்பம் போவதற்கு முன் இதை அடைத்தே ஆக வேண்டும். சுத்திகரிக்காத கழிவுநீரைக் கடலோரத்தில் விடுவது அறிவிக்கையிலேயே தடை செய்யப்பட்டது. ஆய்வுக்கு வருகிறவர் மே மாத வெயிலில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்தால் முதல் கேள்வியே அதுதான்.

பாத்திமா டீச்சர்: எந்த வீடு என்று எல்லோருக்கும் தெரியும்.

பாஸ்கர் 9-ஆம் எண்: யாரைச் சொல்கிறீர்கள்?

பாத்திமா டீச்சர்: பெயர் சொல்லவில்லையே.

பாஸ்கர் 9-ஆம் எண்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செக்ரட்டரி சங்கர்: சண்டை வேண்டாம். ஜேசிபிக்காரரிடம் பேசினேன். அட்வான்ஸைத் திருப்பித் தர மாட்டாராம். செப்டம்பரில் கழித்துக்கொள்கிறாராம்.

கீதா அக்கா: எழுதி வாங்கு.

ராமநாதன் சார்: திங்கள் காலை வார்டு உதவிப் பொறியாளரைப் பார்க்க யார் வருகிறீர்கள்? மாநகராட்சியின் 1913 என்கிற போன் நம்பரில் புகார் பதிந்து, புகார் எண்ணையும் எடுத்துக்கொண்டு போவோம். மனு நான் எழுதுகிறேன், ஒரே பக்கம். அளவு மாறாமல் பழுது பார்க்க வேண்டும், கடலோர அனுமதி தேவையென்றால் இப்போதே தொடங்க வேண்டும், அவ்வளவுதான்.

தேவி மாடி: ஒரே பக்கமா சார்? நம்பலாமா?

குப்பம் ஏழுமலை அண்ணன்: எங்கள் குப்பத்துப் பஞ்சாயத்துக்காரர்களையும் கூப்பிடுங்கள். அவர்கள் கையெழுத்தும் இருக்கட்டும். பத்து மணிக்கு மேல் என்றால் நானும் வருகிறேன்.

செக்ரட்டரி சங்கர்: திங்கள் எனக்கு ஆபீஸ். செவ்வாய்?

பாத்திமா டீச்சர்: செவ்வாய் எனக்கு ஆகாது. திங்களே போங்கள்.

கீதா அக்கா: நாத்தனார் நம்பர் மாற்றிவிட்டாளாம். தேவி, அவள் பெண் இன்ஸ்டாகிராமில் இருக்கிறாளா பார்.

தேவி மாடி: பார்க்கிறேன் அக்கா. 1988-இல் என்ன மாதம்?

கீதா அக்கா: வைகாசி. குழாய் தெரியாவிட்டாலும் அந்தப் பலகையாவது தெரியும்.

செக்ரட்டரி சங்கர்: அப்போ 1,500 போட்டவர்களுக்குத் திருப்பித் தரவா, அப்படியே இருக்கட்டுமா?

பாத்திமா டீச்சர்: பொங்கல் கணக்கோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

பாஸ்கர் 9-ஆம் எண்: யாரிடமாவது நல்ல பிளம்பர் நம்பர் இருக்கிறதா? எனக்குத் தனியாக அனுப்பினால் போதும்.

ராமநாதன் சார்: அனுப்பிவிட்டேன் பாஸ்கர். காலையில் ஏழு மணிக்கு மேல் கூப்பிடுங்கள், எடுப்பார்.