நுவரெலியா, ஹட்டன் பக்கம் வந்து ஓட ஆரம்பிக்கிறீர்களா? சப்பாத்தை இறக்கத்துக்குப் பார்த்து வாங்குங்கள்

போன மாதம் மதுரையிலிருந்து இலங்கை மலையகத்தில் உள்ள ஹட்டனுக்கு வேலைக்கு வந்த தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: காலையில் ஓடலாம் என்று ஆசை, அதிகம் செலவழிக்க முடியாது, ஊரிலிருந்து ஷூ வரவழைக்கவா, இங்கேயே வாங்கவா என்று. நான் கோயம்புத்தூர்க்காரி. நுவரெலியாவில் இது ஆறாவது வருடம். இங்கேயே வாங்குங்கள் தம்பி. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் ஒரு வார்த்தை. ஷூ என்றாலும் இங்கே புரியும், ஆனால் எல்லோர் வாயிலும் வருவது சப்பாத்து. போர்த்துகீசியர் காலத்துச் சொல். கடையில் "ஓடுறதுக்கு சப்பாத்து வேணும்" என்றே கேளுங்கள். வெறுமனே ஸ்போர்ட்ஸ் சப்பாத்து என்றால் தட்டையான அடி உள்ள கென்வஸையும் எடுத்து முன்னால் வைப்பார்கள். அதைப் போட்டுக்கொண்டு தார் ரோட்டில் ஓடக் கூடாது.

கோவை ரேஸ்கோர்ஸில் இரண்டு வருடம் ஓடிய ஜோடியைத்தான் நான் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தேன். அங்கே அது கச்சிதமாக இருந்தது. இங்கே எங்கள் வீடு மேட்டில், டவுன் பள்ளத்தில். கீழே இறங்கி ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் பாதம் முன்னால் சரிந்து பெருவிரல் போய் இடித்தது. முதல் வாரம் வலி மட்டும். மூன்றாவது வாரம் நகம் கறுத்தது. இரண்டு மாதத்தில் கழன்றே விழுந்தது. சமதரையில் கச்சிதம் என்று தோன்றிய அளவு, இறக்கத்தில் சின்னதாகிவிட்டது. அவ்வளவுதான் விஷயம்.

அதனால் மலையில் சப்பாத்து வாங்குகிறவர் பார்க்க வேண்டியது ஏற்றத்தை இல்லை, இறக்கத்தை. ஏற்றத்தில் மூச்சுதான் வாங்கும், காலுக்குப் பெரிய அடி இல்லை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம். புதிதாக வந்தவர்கள் முதல் சில வாரம் ஏற்றங்களை நடந்தே கடக்கலாம். இறங்கும்போதுதான் உடம்பின் பாரம் எல்லாம் பாதத்தில் விழுகிறது.

இரண்டாவது ஜோடியை ஹட்டன் பஜாரில் வாங்கினேன். கடைக்குள் நாலு எட்டு நடந்துவிட்டு "சரி, இதையே கட்டுங்கள்" என்றேன். கடைப் பையன் விடவில்லை. "அக்கா, உள்ளுக்குள்ள நடந்தா ஒண்ணும் தெரியாது. வெளியில எறக்கத்துல கொஞ்சம் எறங்கிப் பாருங்க" என்று, பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து வாசலில் விரித்து, அதன் மேல் ஓடச் சொன்னான். அழுக்காகிவிட்டால் விற்க முடியாதே! அந்த நாலு அட்டை நீளத்தில் விரல் போய் முட்டியது. அரை அளவு பெரியதை எடுத்தோம், முட்டவில்லை. இன்றைக்கும் யாரைக் கடைக்குக் கூட்டிப்போனாலும் முதலில் அட்டைப்பெட்டி கேட்கிறேன்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். சாயங்காலம் போங்கள், பகலெல்லாம் நின்று நடந்த கால் அப்போதுதான் சற்று வீங்கி இருக்கும். ஓடும்போது போடும் காலுறையோடு போங்கள். இரண்டு காலிலும் போட்டு, எழுந்து நின்று பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டை விரல் அகலம் இடம் இருக்க வேண்டும். சிலருக்குப் பெருவிரலைவிட அடுத்த விரல் நீளம், அதைக் கணக்கில் எடுங்கள். முன்னால் இடம் இருக்க, குதிகால் மட்டும் அசையாமல் பிடித்திருக்க வேண்டும். குதிகால் தூக்கினால், கணுக்கால் பக்கம் கடைசியாக ஒரு துளை சும்மா இருக்கும் பாருங்கள், அதில் நாடாவைக் கோர்த்து இறுக்கிப் பாருங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

அளவு எண்ணை நம்ப வேண்டாம். யூ.கே. எண் ஒரு பெட்டியில், ஐரோப்பிய எண் இன்னொரு பெட்டியில் இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வீட்டில் காகிதத்தின் மேல் நின்று பாதத்தை வரைந்து, சென்டிமீட்டரில் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். சப்பாத்தின் நாக்குக்குப் பின்னால் உள்ள லேபிளில் பெரும்பாலும் சென்டிமீட்டரும் போட்டிருக்கும். ஊரிலிருந்து வரவழைக்க வேண்டாம் என்றது இதனால்தான். அளவு தவறினால் திருப்பி அனுப்ப வழியில்லை, நடுவில் சுங்கவரி வேறு.

விலைக்கு வருகிறேன். இந்திய ரூபாய் ஒன்றுக்கு இங்கே மூன்று, மூன்றரை என்று வைத்தால், விலைச்சீட்டைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. டி.எஸ்.ஐ., பாட்டா இரண்டுக்கும் மலையக ஊர்களில் கடை உண்டு, ஆரம்பத்துக்கு அவையே போதும். வெளிநாட்டு பிராண்டுதான் வேண்டும் என்றால் போன வருட மாடலைக் கேளுங்கள், நிறம் மாறியதற்காகவே விலை இறங்கியிருக்கும். நடைபாதையில் பெரிய பெயர் ஒட்டி மலிவாக விற்பதை மட்டும் வேண்டாம். தட்டைப்பாதம், வளைவுப்பாதம் என்று பார்த்து விலை கூடியதைக் காட்டினாலும் தயங்குங்கள். அமெரிக்க ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாதத்தின் வளைவைப் பார்த்துச் சப்பாத்து கொடுத்து ஆராய்ந்தார்கள், காயம் குறையவில்லை. உங்கள் காலுக்கு எது சுகமோ அதுதான் சரியானது.

புரட்டிப் போட்டு அடியைப் பாருங்கள். வெறும் ஃபோம் மட்டும் என்றால் பாசி பிடித்த தோட்டத்து ரோட்டில் வழுக்கும். கரடு வெட்டிய ரப்பர் ஒட்டியிருக்க வேண்டும். கையால் வளைத்தால் விரல் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும், நடுவில் மடிந்தால் வைத்துவிடுங்கள்.

அப்புறம் மழை. ஹட்டன் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை விடாது. தண்ணீர் புகாத சப்பாத்துக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம், மேலே வழியாக ஒருமுறை தண்ணீர் இறங்கினால் வெளியே போகாது. வலைத்துணி நனையும், சீக்கிரம் காயவும் செய்யும். வீட்டுக்கு வந்ததும் உள்தட்டை வெளியே எடுத்துவிட்டு, பழைய வீரகேசரி பத்திரிகையைக் கசக்கி விரல் முனை வரை திணித்து வையுங்கள். ஒரு மணி நேரத்தில் காகிதம் ஈரத்தைக் குடித்து கனத்துப் போயிருக்கும், மாற்றித் திணியுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். பசை விட்டுப்போகும், ஃபோம் இறுகிவிடும்.

காலுறையில் பருத்தி வேண்டாம், நனைந்தால் கொப்புளம் வரும். தேயிலை மலைக்குள் ஒற்றையடிப் பாதையில் ஓடுவதாக இருந்தால் நீளக் காலுறை போட்டு அதன் மேல் சவர்க்காரம், அதாவது சோப்பு, தேயுங்கள், அட்டைப்பூச்சி ஏறாது.

ஒரு ஜோடி ஏறக்குறைய 500 முதல் 800 கி.மீ. தாங்கும். வாரம் 10 கி.மீ. ஓடினால் ஒரு வருடம் தாராளம். தம்பி, பாதத்தை அளந்ததும் சென்டிமீட்டரையும், நீங்கள் ஓடப்போவது மெயின் ரோட்டிலா தோட்டத்து ரோட்டிலா என்பதையும் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் வருகிறேன், கடைக்குச் சேர்ந்தே போகலாம்.